கன்னத்தில் ஒரு தையல்

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். நான் துண்டைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு நுனியைச் செருகியதுமே மூடிக்கொண்டார், யாரும் சொல்லவில்லை. சலூன்காரர் இரண்டு தடவை வந்து திரும்பிப் போனாராம், இவர் கிண்ணத்தைத் தட்டிவிட்டாராம், பெற்ற மகள் தொட்டாலும் தலையை உதறிச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாராம். எனக்கு மட்டும் முகவாயைத் தூக்கிக் காட்டுகிறார். நான் வந்தது தெரிந்து மூடினாரா, தெரிய வேண்டாமென்று மூடினாரா. நான் அறைக்குள் நுழைந்தபோது கண் திறந்துதான் இருந்தது, ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தது. "அப்பா, யாரு வந்திருக்காகன்னு பாருங்க. பூவலிங்கம் மாமா. உங்க நாடகத்துல நடிச்சவுக" என்று கோதை அவர் காதருகில் குனிந்து சத்தமாகச் சொன்னாள். கண் ஃபேனை விட்டு இறங்கவில்லை. வாதம் வந்து வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய், இப்போது விழுங்குவதும் நின்றுவிட்டது. நேற்று ஃபோனில் கோதை அழாமல்தான் சொன்னாள், ஆனால் நடு நடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "நாளைக்கு நாலு மணிக்கு நர்ஸம்மா வந்து மூக்கு வழியா ட்யூப் போடப்போறாங்க மாமா. தாடி இருந்தா ப்ளாஸ்டர் கன்னத்துல ஒட்டாதாம். யாரையும் கிட்ட விடமாட்டேங்காக. நீங்க ஒருவாட்டி வந்து பாக்குறீகளா? சின்னப் பிள்ளையில பாத்திருக்கேன், அப்பா உங்களுக்கு மேக்கப் போடயில நீங்க கல்லு மாதிரி உக்காந்திருப்பீக." அதற்காக என்னைக் கூப்பிடத் தோன்றியிருக்கிறது அந்தப் பெண்ணுக்கு. கல் மாதிரி உட்கார்ந்தவன் கையில் கத்தியைக் கொடுத்தால் அவரும் கல் மாதிரி இருப்பார் என்று. ட்யூபைப் பிடுங்கிவிடாமலிருக்க ஊசி போட்டு மயக்கத்திலேயே வைத்திருப்பார்கள் என்றும் சொன்னாள். அப்படியானால் இன்றைக்குத்தான். நாலு மணிக்குள். ஒரே ஒருதடவை அவர் என் முகத்தைப் பார்க்க வேண்டும். சவரம் என்பது சாக்கு. பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன், சத்திரப்பட்டி நிறுத்தம் தாண்டியதுகூடத் தெரியவில்லை. அவரோ துண்டைப் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார்.

வெந்நீர் சரியான சூட்டில் இருக்கிறது. பிரஷ்ஷை நனைத்து, உதறி, சோப்பில் சுற்றி, முதலில் இடது கன்னம். நல்ல பக்கம் இது, தொட்டால் தோல் பதில் சொல்கிறது, லேசாகச் சுருங்கி விரிகிறது. நுரை ஏற ஏற முகம் மறைகிறது. மூக்கும் நெற்றியும் மட்டும் மிச்சம். எனக்கு எப்போதும் பிடித்தது இந்த மறைவதுதான். நான் வேலை பார்த்த மில்லில், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் தூசி பறந்து எல்லாருக்கும் முகம் வெள்ளையாகிவிடும், அங்கே மட்டும்தான் நான் நிமிர்ந்து நடப்பேன். கேண்டீனுக்கு வந்தால் குனிந்துவிடுவேன். குனிந்தும் பயனில்லை, வரிசையில் எல்லார் தலைக்கும் மேலே என் தலை தெரியும். "அந்த நெட்டையனைக் கூப்பிடுய்யா" என்றார் ஒருநாள். ஹெட் கிளார்க் கனகசபாபதி. மில் மன்றத்து நாடகங்களை எழுதி, நடத்தி, கதாநாயகனாகவும் நடிப்பவர், அதனால் மானேஜர் உட்பட எல்லாருக்கும் வாத்தியார். "பேசுவியா?" என்றார். நான் தலையை ஆட்டினேன், ஆமாம் என்றும் இல்லை என்றும் சேர்த்து. கூட நின்றவர்கள் சிரித்தார்கள். "வாத்தியாரே, இவன் கல்யாணத்தன்னிக்கே பொண்ணுகிட்ட பேசலையாம், இவனைப் போயி" என்றான் ஒருவன். வாத்தியார் சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார், பொருளைப் பார்ப்பதுபோல, தறியில் வாங்கப்போகும் துணியைப் பார்ப்பதுபோல. அது பார்வைதான். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும், நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. "டாக்டர் பரஞ்சோதி" என்று நாடகத்துக்குப் பெயர். சீமையில் சின்ன வயசுப் பெண் ஒருத்தி எழுதிய கதையைத் தழுவியது என்றார். பரஞ்சோதி என்ற விஞ்ஞானி சுடுகாட்டிலிருந்து உறுப்புகளைச் சேர்த்துத் தைத்து ஓர் உருவத்தைச் செய்கிறான். உயிர் வந்து அது கண்ணைத் திறந்ததும் பயந்துபோய் விட்டுவிட்டு ஓடுகிறான். அது அவனைத் தேடிக்கொண்டு அலைகிறது. அவ்வளவுதான் கதை. வாத்தியார் பரஞ்சோதி. நான் உருவம். சத்திரப்பட்டித் தறியிலிருந்து காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி கட்டுக் கட்டாக வரும், எனக்குத் தலை முதல் கால் வரை சுற்றுவார். முகத்தில் மட்டும் துணி இல்லாமல் பஞ்சும் பசையும். கறுப்பு நூலைப் பசையில் தோய்த்துக் கன்னத்தின் குறுக்கே தையல்போல ஒட்டி, கட்டைவிரலால் காதிலிருந்து வாய் வரைக்கும் அழுத்திக்கொண்டே வருவார். "கண்ணை மூடு" என்பார் முதலில். மூடினால் முடியும் வரை திறக்கக் கூடாது, பசையின் நெடி கண்ணில் ஏறிவிடும். ஆகவே அவர் விரலைத் தெரியும் எனக்கு, மூச்சில் வரும் வெற்றிலை வாசம் தெரியும், அந்த நேரத்தில் அவர் முகம் எப்படி இருந்தது என்று தெரியாது. ஒருதடவைகூடப் பார்த்ததில்லை. சாமி சிலைக்குக் கண் திறக்கும் சிற்பி முகத்தைச் சிலை பார்த்திருக்குமா.

இப்போது ரேஸர். மேலிருந்து கீழ், நுரை ஒரு பாதையாக விலகுகிறது, அடியில் வெளுத்த தோல். நிறைய வயசாகிவிட்டது இந்தத் தோலுக்கு, இழுத்துப் பிடித்தால்தான் பிளேடு நகரும். நகத்தைச் சரியாக வெட்டவில்லை கோதை, கேட்டுவிட்டு நானே வெட்டிவிட வேண்டும். ஒத்திகையில் முதல்நாள் எனக்குக் குரலே வரவில்லை. இரண்டாம் நாள், பசை பொருந்துகிறதா என்று பார்க்க முகத்தைப் பூசிவிட்டு, பூசியது பூசியபடி "சரி, வசனத்தைச் சொல்லு" என்றார். சொன்னேன். எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியாது. நாற்பத்தொரு வசனம் இருந்தது உருவத்துக்கு, வரிசை மாறாமல் இன்றும் சொல்வேன். மழையைப் பற்றி ஒன்று, முதன்முதலாக நிலாவைப் பார்ப்பது பற்றி ஒன்று, ஒரு வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று அந்தக் குடும்பம் சாப்பிடுவதைப் பார்ப்பது பற்றி நீளமாக ஒன்று. நான் முடித்ததும் மன்றத்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்தியிருந்தார்கள். வாத்தியார் அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்தார். "முகத்தை மூடினாத்தான் இவனுக்கு வாய் திறக்குது" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். சந்தோஷமாகத்தான் இருக்கும். இவ்வளவு காலம் கழித்துச் சொன்ன தொனியை எப்படி நிச்சயமாகச் சொல்வது. நோட்டீஸில் எல்லார் பெயரும் போட்டிருந்தது, தபேலா வாசித்தவர் பெயர்கூட. உருவமாக நடிப்பவர் என்று போட்டு ஒரு கேள்விக்குறி. ஜனங்களுக்கு ஆவலைக் கிளப்ப என்றார். நாடகம் முடிந்து எல்லாரும் மேடையில் நின்று கும்பிடும்போதும் நான் திரைக்குப் பின்னால். கூச்சப்படுகிறவனுக்கு அது வசதியாகவே இருந்தது. தவமணிக்குத்தான் வருத்தம். "ஊரெல்லாம் ஒங்களைப் பத்திப் பேசுது, பொண்டாட்டி நான் எம்புருசன்னு சொல்ல முடியல. கேள்விக்குறிக்கு வாக்கப்பட்டவளா நான்?" ஆனால் பெயர் வைக்காமல் விட்டால் ஊர் சும்மா விடுமா, இருக்கிற பெயரை எடுத்துக்கொண்டது. பிள்ளைகள் உருவத்தைப் பரஞ்சோதி என்று சொல்ல ஆரம்பித்தன. கையை முன்னால் நீட்டிக்கொண்டு விறைப்பாக நடந்து "பரஞ்சோதி வாரான், பரஞ்சோதி வாரான்" என்று ஒன்றையொன்று துரத்தும். டீக்கடையில் வாத்தியாரே பொறுக்க மாட்டாமல் சொன்னார், "ஏய்யா, நாந்தான்யா பரஞ்சோதி. அது வெறும் உருவம்." கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார், "நீங்க டாக்டரு வாத்தியாரே. பரஞ்சோதிங்கிறது அந்த நெட்ட மண்டையன்ல." எல்லாரும் சிரித்தார்கள், நானும் பெஞ்சின் மூலையில் குனிந்து சிரித்தேன். வாத்தியார் என் பக்கம் திரும்பவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பாதி டீயிலிருந்துதான் இந்த விலகல் ஆரம்பித்ததா, அல்லது சிவகாசி ஆட்டத்திலா.

கழுத்து. இங்கேதான் பயம். முகவாயை இரண்டு விரலால் தூக்கினால் நரம்பு துடிப்பது தெரிகிறது, நுரைக்கு அடியில் அதுவே அசைகிறது. ஆடி மாசத்துக் காற்று வேறு மலையிலிருந்து இறங்கி ஜன்னல் கதவை அடிக்கிறது. நாடகத்தில் நான் அவர் கழுத்தைப் பிடிக்கும் காட்சி ஒன்று உண்டு. பிடித்து, விட்டுவிட வேண்டும். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அப்போதும் இதே நரம்பு என் உள்ளங்கையில் துடிக்கும், நடிப்பில்லாமல் துடிக்கும், என்னைக் கண்டு அவர் நிஜமாகவே பயப்படுகிறார் என்று அன்றைக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்ததும் ரேஸரைக் கழுத்திலிருந்து எடுத்து, மறுபடி வைக்கிறேன். மெதுவாக. கீழிருந்து மேல் வேண்டாம், மேலிருந்து கீழேயே போதும். சிவகாசியில் விஞ்ஞானி உருவத்தை விட்டு ஓடும் காட்சி. தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்பிள்ளை எழுந்து நின்றுவிட்டாள், தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவளாக இருக்கும், மடியில் பிள்ளையோடு. "யோவ், பெத்துப் போட்டுட்டு எங்கய்யா ஓடுற? நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்று கத்தினாள். கூட்டம் அவளோடு சேர்ந்துகொண்டது. அதற்கு அடுத்த காட்சியில் நான் ஜன்னல் வசனத்தைப் பேசியபோது விசும்பல் கேட்டது, ஒரு மூலையில் ஆரம்பித்து மறு மூலைக்குப் போனது. திரும்பி வரும்போது வேனில் வாத்தியார் சொன்னார், "ஜனங்க பயப்படணும் பூவலிங்கம். அழக்கூடாது. அழுதா நாடகம் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்." நான் தலையாட்டினேன். அடுத்த ஊரில் நிலா வசனம் இல்லை. அதற்கடுத்த ஊரில் மழை இல்லை. ஒவ்வொன்றாகப் போயிற்று, உடம்பிலிருந்து ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றுவதுபோல. வசனம் போன இடத்தில் சத்தம் வந்தது. மூன்று சத்தம் சொல்லித் தந்தார். பசிக்கு ஒன்று, பயத்துக்கு ஒன்று, கோபத்துக்கு ஒன்று. மன்றத்து மாடியில் என் எதிரே நின்று தொண்டையைத் திறந்து அவரே உறுமிக் காட்டினார். "அடிவயித்துலருந்து. இன்னும். நாக்கைச் சும்மா போடு, நாக்கே இல்லன்னு நெனச்சுக்க." நான் உறுமினேன். நன்றாக வந்தது. பிள்ளைகள் பயந்தன. முன்வரிசையில் ஒரு குழந்தை கத்திக்கொண்டு அம்மா முந்தானைக்குள் போய்விட்டது, வாத்தியாருக்குத் திருப்தி. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

தண்ணீர் ஆறிவிட்டது. கோதை வேறு கொண்டு வருகிறாள். "விட்டுட்டாகளே மாமா! நெசமாவே விட்டுட்டாக. என்ன மந்திரம் போட்டீக?" என்கிறாள். அறை வாசலிலேயே நின்றுகொள்கிறாள், உள்ளே வந்தால் கலைந்துவிடும் என்று பயப்படுகிறவளைப்போல. "காப்பி போடவா?" வேண்டாம்மா, கை ஈரமா இருக்கு, முடிச்சுட்டுக் குடிக்கிறேன். "உங்க கன்னத்துல அது என்ன மாமா, தீக்காயமா? நான் எப்பவும் கேக்கணும்னு நெனப்பேன்." கேட்டுவிட்டாள். வலது கன்னத்தில், காதுக்குக் கீழே ஆரம்பித்து வாயோரம் வரைக்கும், விரலகலத்தில், பளபளவென்று. மில்லுல பட்டதும்மா, பெல்ட்டு உரசிருச்சு. "அடப்பாவமே" என்று சொல்லிவிட்டு அவள் போகிறாள். இது கேட்டதா அவருக்கு. இமை அசையவில்லை. நுரைக்கு மேலே இமை மட்டும் தெரிகிறது, மூடிய இமைக்கு அடியில் கண் உருள்கிறதா என்று பார்க்கிறேன். உருள்கிறது. தூங்குகிறவருக்கும் உருளும். காலையில் புறப்படும்போது தவமணி செருப்பை எடுத்துப் போட்டபடியே சொன்னாள், "போங்க, போங்க. டயர் ஒட்டுன பிரம்மா கூப்பிடுறாரு. சவரம் பண்ணயில கை தவறிராம பாத்துக்கங்க, தவறினாலும் தப்பில்ல." அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் விளையாட்டுக்குச் சொன்னேன்" என்றாள். கன்னத்தில் பட்டது மில்லில் இல்லை, கோவில்பட்டிப் பொருட்காட்சியில். வேனிலிருந்து இறக்கும்போது மேக்கப் பெட்டி விழுந்து பசைப் புட்டி உடைந்துவிட்டது. மணியடிக்க நேரமாகிவிட்டது, கூட்டம் விசிலடிக்கிறது. எதிரே ஒரு சைக்கிள் கடை. வாத்தியாரே போனார், பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் ட்யூபை வாங்கிக்கொண்டு வந்தார். "ரப்பரை ஒட்டுறது தோலை ஒட்டாதா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை, தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அதுதான் எங்கள் வேலை முறை. அவர் ஒட்டுவார், நான் கண்ணை மூடிக்கொள்வேன். எரிந்தது. ஆட்டம் முழுக்க எரிந்தது, அன்றைக்கு உறுமல் நன்றாக வந்தது. முடிந்ததும் ஒப்பனை அறையில் நாங்கள் இரண்டே பேர். நூலின் நுனியைக் காதருகில் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார், எப்போதும் இழுப்பதுபோல. நான் கத்தினேனா. கத்தவில்லை என்றுதான் நினைக்கிறேன். அன்றைக்குத்தான் கண்ணைத் திறந்தேன், முடிந்தது என்று அவர் சொல்வதற்கு முன்னால். அவர் கையில் நூல், நூலோடு என் தோல். அவர் என் கன்னத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகம் எனக்குத் தெரியும். உருவம் கண்ணைத் திறக்கும்போது பரஞ்சோதி காட்டும் முகம். ஊர் ஊராக அவர் நடித்து, அவ்வளவு நன்றாக ஒருபோதும் வராத அதே முகம். நூலை மேஜை மேல் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். வெளியே போனார். தேங்காயெண்ணெய் எடுக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேனில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார், ஊர் வரும்வரை திரும்பவில்லை. எண்ணெய் போட்டது தவமணி.

அடுத்த ஆட்டத்துக்குக் காகிதக்கூழில் முழு முகமூடி செய்து வைத்திருந்தார். மாட்டிக்கொண்டால் போதும், யாரும் யார் முகத்தையும் தொட வேண்டாம். கொடுத்தபோது என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக் கொடுத்தார். "இந்தாப்பா." அதிலிருந்து நான் இந்தாப்பா. பூவலிங்கம் என்ற பெயர் அவர் வாயில் பிறகு வரவில்லை. "இந்தாப்பா, அந்தக் கடைசி வசனமும் வேண்டாம்." கடைசியில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. என்னை உண்டாக்கியவரே, ஒரே ஒருமுறை என் முகத்தைப் பாருங்கள், பார்த்த பிறகு வெறுப்பதானால் வெறுத்துக்கொள்ளுங்கள். அதையும் எடுத்தார். ஜனங்கள் அழுதுவிடுவார்கள் என்று எடுத்தாரா, தன்னால் கேட்க முடியாது என்று எடுத்தாரா. அருவருப்பா, வெட்கமா. இந்த இரண்டில் எது என்று தெரிந்தால் போதும் எனக்கு. அருவருப்பு என்றால் அருவருப்பு, அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன். இத்தனை வருஷம் மில்லில் எதிரெதிரே நடந்திருக்கிறோம், சம்பள ஜன்னலில் நின்றிருக்கிறோம், என் தோளுக்கு மேலாக, நெற்றிக்கு மேலாக, பொத்தானில், எல்லா இடத்திலும் பார்த்தார். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கோவில்பட்டிக்குப் பிறகு அந்த ஓடும் காட்சியில் அவருக்குக் கைதட்டல் கிடைத்தது. முகமூடியின் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பேன், ஒவ்வோர் ஊரிலும் அதே முகம் வந்தது, ஒப்பனை அறையில் பார்த்த முகம். கைதட்டல் கேட்கும்போது என் கன்னம் எரியும். ஆனால் இதையும் யோசிக்கிறேன், இந்த மேலுதட்டை மழிக்கும்போது, வலது பக்கம் சரிந்த வாயோரத்தை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அந்த வசனங்களை எழுதியது யார். நானா எழுதினேன். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஜன்னலுக்கு வெளியே நின்று அடுத்தவர் சாப்பிடுவதைப் பார்ப்பவனின் மனசு எனக்கு அவர் சொல்லித்தானே தெரிந்தது. எங்கே நின்று பார்த்தார் அதை. ஹெட் கிளார்க், சொந்த வீடு, எல்லாரும் வாத்தியாரே என்று எழுந்து நிற்பார்கள். எழுந்து நிற்பார்கள், சரி, எவன் உட்காரச் சொல்லிப் பேசினான். அவர் வந்ததும் பேச்சு நின்றுவிடும் டீக்கடையில். நான் அப்போது பெஞ்சின் மூலையில் இருந்திருக்கிறேன், பார்த்திருக்கிறேன், இந்தக் கோணத்தில் பார்த்ததில்லை. தன்னுடையதையெல்லாம் எனக்குக் கொடுத்துவிட்டு, ஜனங்கள் அதற்காக என்னை நினைத்து அழுததும் திரும்பப் பிடுங்கிக்கொண்டாரா. பிடுங்கி என்ன செய்தார். எங்கே வைத்தார் அவற்றை. இப்போது இந்த வாய்க்குள் ஒரு வார்த்தை கிடையாது. வலது பக்கத்தில் தொட்டால் தோல் பதில் சொல்வதில்லை, ஈர மண்ணைத் தொடுவதுபோல இருக்கிறது. இந்தப் பக்கம்தான் ப்ளாஸ்டர் ஒட்டப்போகிறார்கள். பிய்க்கும்போது மெதுவாகப் பிய்க்கச் சொல்ல வேண்டும் அந்த நர்ஸம்மாவிடம். எண்ணெய் தொட்டுப் பிய்க்கச் சொல்ல வேண்டும்.

முடிந்துவிட்டது. ஈரத்துண்டால் காது மடலில் ஒட்டிய நுரையைத் துடைக்கிறேன், படிகாரத்தை நனைத்து இரண்டு கன்னத்திலும் தேய்க்கிறேன். மழித்த முகம் சின்னதாக இருக்கிறது, ஒரு பக்கம் ஒருவருடையது, மறுபக்கம் வேறு யாருடையதோ என்பதுபோல, நடுவில் சேர்த்துத் தைத்ததுபோல. ஜன்னல் வெளிச்சம் மாறியிருக்கிறது, நாலு மணிக்கு அதிக நேரமில்லை. அவர் கண் மூடித்தான் இருக்கிறது. முடியும்வரை திறக்கக் கூடாது என்று இருக்கிறாரோ. சொன்னால்தான் திறப்பாரோ. கல் மாதிரி. பஸ்ஸில் அந்தக் கடைசி வசனத்தை எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன், பக்கத்துச் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். இப்போது அதில் ஒரு சொல் வரவில்லை, என் முகத்தில் பசையும் இல்லை பஞ்சும் இல்லை, வெறும் முகத்தோடு நான் எப்போது பேசியிருக்கிறேன். "முடிஞ்சது வாத்தியாரே" என்றேன். அது போதவில்லை. "கண்ணைத் திறங்க." மேடையில் இது பரஞ்சோதியின் வசனம், கண்ணைத் திற என்று மேஜைக்குப் பக்கத்தில் நின்று அவர் சொல்வார், நான் படுத்திருப்பேன். சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. இமை நடுங்கிற்று. திறந்தார். நேராகத் திறந்தார், ஃபேனில் இல்லை, பொத்தானில் இல்லை. என் முகத்தில். பழுப்பேறிய இரண்டு கண், ஒன்று பாதி மூடியபடி. வாய் கோணித் திறந்து உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது, அடிவயிற்றிலிருந்து, நாக்கே இல்லாமல். நான் ஓர் அடி பின்னால் போய்விட்டேன். கையிலிருந்த கிண்ணம் நாற்காலியில் இடித்தது. பின்னால் போய்விட்டேன், நான்தான், இந்தக் கால்தான். பசியின் சத்தமில்லை அது. பயமும் இல்லை, கோபமும் இல்லை. மூன்றும் எனக்குத் தெரியும். அவர் எனக்குச் சொல்லித் தராத ஒன்று. அவர் கண் என் காலைப் பார்த்தது, வைத்த அடியைப் பார்த்தது, மறுபடி முகத்துக்கு வந்தது. நான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்ப வந்தேன். குனிந்தேன், அவருக்கு நன்றாகத் தெரியும்படி, வலது கன்னத்தைக் காட்டிக்கொண்டு. போர்வைக்குள்ளிருந்து இடது கை வந்தது. அந்த ஒரு கைதான் இருக்கிறது அவருக்கு. தடுமாறி என் சட்டையைப் பிடித்து, விட்டு, மேலே வந்து, கட்டைவிரல் என் காதுக்குக் கீழே நின்றது. வழக்கமான கை இல்லை இது, ஆனால் அழுத்தம் அதே அழுத்தம். காதிலிருந்து வாய் வரைக்கும், பளபளத்த அந்தப் பாதை நெடுக, மெதுவாக, ஒட்டுகிறவரைப்போல, பிய்ந்ததைத் திரும்ப ஒட்டுகிறவரைப்போல, அழுத்திக்கொண்டே வந்தார். பாதி தூரம் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது, நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். பழக்கம். அந்த விரல் பட்டால் என் கண் தானாக மூடிக்கொள்ளும், அப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறார். இப்போது பார்க்கலாம், திறந்தால் பார்க்கலாம், இந்த நேரத்தில் அவர் முகம் எப்படி இருக்கிறது என்று, அருவருப்பா வெட்கமா என்று. இமை கனத்துக் கிடந்தது. முடிந்தது என்று அவர் சொல்லவில்லையே. எப்படிச் சொல்வார். விரல் வாயோரம் வரை வந்து நின்றது, நின்று, போர்வை மேல் விழுந்தது. நான் கண்ணைத் திறந்தபோது அவர் முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. வெளியே கேட் திறக்கும் சத்தம், நர்ஸம்மாவின் செருப்புச் சத்தம். கோதை வாசலில் வந்து நின்று, "அப்பா கண்ணு முழிச்சாகளா மாமா? உங்களைப் பாத்தாகளா?" என்று கேட்டாள். "பாத்தாகம்மா" என்றேன்.